நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை
டாக்டர் மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம், பாகாயம், வேலூர்

1911 வரை வேலூர், சித்தூர், திருப்பதி மூன்றும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அதன் தலைநகர் சித்தூர். சித்தூரும் திருப்பதியும் இன்று ஆந்திரத்தில் உள்ளன; எல்லை மாறியும் அங்கிருந்து நோயாளிகள் வரும் வழி மாறவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் இந்நிலையத்தில் தெலுங்குப் பேச்சு இன்றும் சகஜம்.

கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ் இக்கல்லூரியில் படித்து மருத்துவரானவர். 1954இல் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்தன. ஆனால் கைகள் நன்றாக இருந்தன. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். டாக்டர் பால் பிராண்டிடம் அதைக் கற்று, சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இங்கே அத்துறையை வளர்த்தார்.

1966இல் இந்நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடக் காயம்பட்டவர்கள் உள்ளே தங்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், படுக்கைப்புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், மீண்டும் சம்பாதிக்கவும் பழகுகிறார்கள். கேட்க எளிது, பழக மாதக்கணக்காகும்.

1972இல் பத்மஸ்ரீ பெற்ற மேரி வர்கீஸ், 1986இல் மறைந்தார்.

பார்வையாளர்கள் சாய்தளத்தை மறித்து வண்டி நிறுத்த வேண்டாம்.