கைமுட்டி உயரத்தில் ஒரு வால்நட்சத்திரம்

"இது ஒரிஜினலாண்ணா?"

பால் வண்டி ஓட்டும் தம்பி போனை என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். 2024 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அரூரிலிருந்து தர்மபுரி போகும் சாலையோரக் கடை. திரையில் ஆரஞ்சு நிற அடிவானம், அதன் மேலே வெள்ளைத் தீற்றலாக வாலை நிமிர்த்திக்கொண்டு ஒரு வால்நட்சத்திரம். யாரோ எடுத்த படம், வாட்ஸ்அப்பில் சுற்றி அவர் கைக்கு வந்திருந்தது. "நானும் இன்னிக்கு அஞ்சே முக்காலுக்கு ஏரிக்கரையில வண்டிய நிறுத்திப் பார்த்தேன். ஒண்ணுமே தெரியல."

படமும் உண்மை, அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று சொல்லி முடிக்க ஒரு டீ போதவில்லை. இரண்டாவது சொன்னோம்.

அந்த வால்நட்சத்திரத்தின் பெயர் சுச்சின்ஷான்–அட்லஸ். 2023 ஜனவரியில் சீனாவின் சுச்சின்ஷான், அதாவது ஊதாமலை வானாய்வகமும், அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் தனித்தனியே கண்டுபிடித்ததால் இரண்டு பெயரும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டன. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 27 அன்று, அது சூரியனிடமிருந்து ஏறத்தாழ 5.8 கோடி கிலோமீட்டர் தூரத்தில் திரும்பியிருந்தது. புதன் கோள் சூரியனைச் சுற்றும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஒரு கட்டி அவ்வளவு கிட்டே போனால் என்ன ஆகும்? ஆவியாகும். ஆவியோடு தூசியும் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதிலே விழும் சூரிய ஒளியைத்தான் நாம் வால் என்கிறோம்.

"அப்ப அது ஓடுற வேகத்துலதான் வால் பின்னாடி நீளுது?" என்றார்.

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். எரிகல்லையும் வால்நட்சத்திரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் இதனால்தான். எரிகல் நம் காற்றுமண்டலத்தில் உரசி ஒரு நொடியில் கிழித்துக்கொண்டு போய்விடும். வால்நட்சத்திரம் பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது; பார்க்கும்போது நிலாவைப்போல அசையாமல் நிற்கும். அதன் வாலுக்கும் ஓட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வாலைத் தள்ளுவது சூரியன்.

எதிரே சாலையில் கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். அதைக் காட்டிச் சொன்னேன். தூற்றும்போது என்ன நடக்கிறது? முறத்தை உயர்த்திச் சரிக்கிறோம். மணி காலடியில் விழுகிறது. பதர் காற்று போகிற பக்கம் தள்ளி விழுகிறது. உமித்தூசி இன்னும் தூரம் போய் அடுத்த வீட்டு வாசலில் படிகிறது. தூற்றுகிறவர் எந்தப் பக்கம் நடந்தாலும் சரி, பதர் பறப்பது காற்று வீசும் திசையில்தான். வானத்தில் அந்தக் காற்றின் இடத்தில் இருப்பது சூரிய ஒளியின் அழுத்தம். ஒளிக்கும் தள்ளும் பலம் உண்டு. மிகச் சிறிய பலம், ஆனால் புகைபோன்ற நுண்தூசிக்கு அது போதும். நுண்தூசி நெடுந்தூரம் தள்ளப்பட்டு, வளைந்த, லேசான மஞ்சள் வாலாகிறது. கனமான துகள்கள் வந்த பாதையிலேயே தங்கிவிடுகின்றன. இன்னொரு வாலும் உண்டு. மின்னூட்டம் பெற்ற வாயுவைச் சூரியக் காற்று அடித்துக்கொண்டு போவதால் உண்டாகும் நேரான, நீல நிற வால். அது பெரும்பாலும் படத்தில்தான் தெரியும்.

இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கிறது. சூரியனைச் சுற்றித் திரும்பிப் போகும் வால்நட்சத்திரத்துக்கு வால் முன்னே போகும், தலை பின்னே வரும். அந்த வாரம் நாம் பார்த்தது அப்படிப்பட்ட காட்சிதான். தம்பி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதனாலதான் படத்துல வால் மேல நிக்குதா? சூரியன் கீழ இருக்குதுல்ல" என்றார். அவரே கண்டுபிடித்தது எனக்கு நிறைவாக இருந்தது.

இனி அவருக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு வருவோம். அந்த நாட்களில் நம் பக்கம் சூரியன் உதிப்பது ஆறு மணி தாண்டிச் சில நிமிடத்தில். வால்நட்சத்திரம் அடிவானத்தில் தலை நீட்டுவது ஐந்துக்குச் சற்று முன்னால். ஐந்தரைக்கே வானம் வெளுத்துவிடும். ஆக மொத்தம் அரை மணி நேரத்தை ஒட்டிய சந்துதான். அவர் போன ஐந்தே முக்காலுக்கு அது அங்கேதான் இருந்தது; வெளிச்சம் அதை விழுங்கிவிட்டது.

அடுத்தது உயரம். கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. அளவுகோல் எதுவும் வேண்டாம், குழந்தையின் சின்னக் கையும் அதற்கேற்ற குட்டையான நீளத்தில் இருப்பதால் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் தரும். வானம் வெளுக்கத் தொடங்கும் ஐந்தே கால் வாக்கில் அந்த வால்நட்சத்திரம் ஒரு முட்டி உயரம்கூட ஏறியிருக்காது. நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. தீர்த்தமலை, சித்தேரி, வத்தல்மலை என்று கண்ணுக்கு அழகாக நிற்கும் மலைகள் இதற்கு மட்டும் இடைஞ்சல். கிழக்கே மலை மறைக்காத இடமாகப் பிடிக்க வேண்டும். கரையில் நின்றால் நீர்ப்பரப்புக்கு அப்பால் கிழக்கு திறந்து கிடக்கும்படி உள்ள ஏரி நல்லது. நெடுஞ்சாலையின் உயர்கோபுர விளக்குகள் முதுகுப்புறம் இருக்கட்டும். ஒன்றை அழுத்திச் சொன்னேன்: இருட்டு கிடைக்கிறதே என்று பென்னாகரம், பாலக்கோடு காட்டோரங்களுக்குப் போக வேண்டாம். விடியற்காலை யானை நடமாடும் நேரம்.

மூன்றாவது கண். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மங்கலான பொருளை நேருக்கு நேர் முறைக்காமல் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுவில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அந்தச் செல்களுக்கு நிறமும் தெரியாது. கண் ஒவ்வொரு கணமும் பார்த்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பார்க்கிறது. கேமராவோ எட்டு நொடி, பத்து நொடி ஒளியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைக்கிறது. பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த வால் அவ்வளவு நீளமாக இருந்ததற்கும், நம் கண்ணுக்கு அது சாம்பல் பூசிய விரல்தடம் மாதிரி மட்டுமே தெரிவதற்கும் இதுதான் காரணம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைகள் ஏமாந்து திரும்பக் கூடாது.

"காவலூர் போனா பெரிசா தெரியும்ல?" என்று கேட்டார் பக்கத்து பெஞ்சில் இருந்த ஆசிரியர். காவலூர் வானாய்வகம் நமக்குப் பக்கம்தான், ஜவ்வாது மலையில். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தின் மிகச் சிறு துண்டைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கும். பல பாகை நீளும் வாலை அதில் அடக்க முடியாது. வால்நட்சத்திரத்துக்கு ஏற்றது 7x50 அல்லது 10x50 என்று எழுதியிருக்கும் சாதாரண இருகண்நோக்கிதான். இருந்தாலும் காவலூர் பெயர் வந்தது நல்லதாகப் போயிற்று. அந்தத் தொலைநோக்கி தாங்கியிருக்கும் பெயருக்குரிய வைணு பாப்பு சென்னையில் பிறந்தவர். 1949இல் ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகட்டில் இருக்கக் கூடாத ஒரு மங்கல் கோட்டைக் கவனித்தார். அது புதிய வால்நட்சத்திரம். பாப்பு–பாக்–நியூகிர்க் என்று மூவர் பெயரில் பதிவாயிற்று. பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டோனஹோ பதக்கம் தந்தது. ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்துக் காவலூரை உருவாக்கியவர் அவர். 1982இல் இறந்துவிட்டார்; பெரிய தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய 1986ஐ அவர் பார்க்கவில்லை. அவர் கண்டுபிடித்ததும் ஒரு போட்டோவில்தான் என்பதைத் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, "வால்நட்சத்திரம் வந்தா நாட்டுக்கு ஆகாதுன்னு எங்க ஆயா சொல்லும்" என்றார். ஆயா சொன்னது ஊர்க்கதை மட்டும் இல்லை, மிகப் பழைய நம்பிக்கை. வால்நட்சத்திரத்தின் வடமொழிப் பெயரான தூமகேது என்றால் புகைக்கொடி. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகைக்கொடி என்றே எழுதுகிறார். புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் தூமம் என்கிறார். இரண்டு இடத்திலும் அது வறட்சிக்கு அறிகுறி. ஆனால் இருவரும் சொல்ல வந்தது வேறு: புகைக்கொடி தோன்றினாலும் காவிரியில் புதுநீர் வரும், பாரியின் நாடு விளையும். ஒகேனக்கல்லில் நாம் பார்க்கும் அதே காவிரியைப் பற்றித்தான் இளங்கோ பேசுகிறார். அக்காவுக்கு இது பிடித்திருந்தது. "அப்ப பசங்கள எழுப்பிக் காட்டலாம்" என்றார்.

பிறகு தம்பியின் போனை வாங்கி அமைப்புகளைக் காட்டினேன். ப்ரோ மோடு. ஐஎஸ்ஓ 800. ஷட்டர் எட்டு நொடி. குவியத்தைக் கையால் தள்ளி மலைச் சின்னத்தில் நிறுத்த வேண்டும்; தானாகக் குவிக்க விட்டால் இருட்டில் எதையும் பிடிக்காமல் அலையும். விரல் பட்டால் படம் ஆடும் என்பதால் மூன்று நொடி டைமர். ஜூம் தொடவே கூடாது, அது உள்ள ஒளியை வெட்டிப் பெரிதாக்கும் வேலை மட்டும்தான். ட்ரைபாட் இல்லையே என்றார். பால் கேன் இருக்கிறது. மேலே துண்டை மடித்து வைத்து, அதில் போனைச் சாய்த்தால் அசையாது.

தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் புள்ளி கோடாகிவிடும். 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை நொடி தாங்கும் என்று தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 10 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை. இன்றைய கூர்மையான சென்சார்களுக்கு இதிலும் பாதி எடுத்துக்கொள்வது நல்லது. விடியும் வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஐந்து பத்துக்கு எட்டு நொடி சரியாக இருந்தால் ஐந்தரைக்கு இரண்டு நொடியே வெளுத்துப்போகும். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லென்ஸில் பனி படிந்தால் வாயால் ஊதாமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். கீழே ஒரு பனைமரமோ கோயில் கோபுரமோ இருக்கட்டும். இல்லாவிட்டால் அது எவ்வளவு தாழ்வாக நின்றது என்று பின்னால் யாருக்கும் புரியாது.

அக்டோபர் 12 அன்று அது நமக்கு மிக அருகே, சுமார் 7 கோடி கிலோமீட்டரில் வந்தது. அதற்குள் மாலை வானத்துக்கு மாறி, மேற்கே வெள்ளிக்கும் சுவாதிக்கும் நடுவில் நாளுக்கு நாள் உயரத் தொடங்கியது. ஆனால் 15ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது, 17 அன்று பௌர்ணமி. காலைக் காட்சியைத் தவறவிட்டவர்கள் அந்த வாரம் மேகத்தின் சந்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. வால்நட்சத்திரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நம்பித் தள்ளிப்போட முடியாது. சுச்சின்ஷான்–அட்லஸ் சூரியனை நெருங்கும் முன்பே உடைந்துவிடும் என்று 2024 ஜூலையில் வானியலாளர் செக்கானினா எழுதியிருந்தார், அது தப்பியது. அதே அக்டோபர் கடைசியில் வந்த இன்னொரு அட்லஸ் வால்நட்சத்திரம் சூரியனிடம் போய்ச் சிதைந்தேபோனது. தெரிகிற அன்றே பார்த்துவிட வேண்டும்.

தம்பி அப்படித்தான் செய்தார். செப்டம்பர் 30 காலை ஒருமுறை, அக்டோபர் 2 காலை ஒருமுறை. இரண்டாவது நாள் மகாளய அமாவாசை, நிலா இல்லை. ஒகேனக்கல்லுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகும் வண்டிகளின் வெளிச்சம் மட்டும் சாலையில் அவ்வப்போது வந்துபோனதாம். அதே கரை, அதே பால் கேன், அதே ஐந்து பதினெட்டு. இரண்டு படங்களையும் கடைப் பெஞ்சில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பளபளப்பு இல்லை. பனை மட்டைக்கு மேலே நகக்கீறல் அளவு ஒரு வெண்மை, அவ்வளவுதான். நான் பனையைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாளில் நட்சத்திரங்கள் மட்டையிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தன. நாளைக்கு நான்கு நிமிடம் முந்தி உதிக்கிற அவற்றின் வழக்கம் அது. அந்த வெண்கீறல் மட்டும் அவற்றோடு ஏறாமல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. லென்ஸ் அழுக்காக இருந்தால் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். நட்சத்திரமாக இருந்தால் மற்றவற்றோடு சேர்ந்து ஏறியிருக்கும்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் போனை நீட்டினார். "அக்கா, இது ஒரிஜினல்."