சக்கரத்தின் சரிதம் – 14: முழுக்க ஒடித்தால் துள்ளும் வண்டி

பெரும் பொருள் கொடுத்து வாங்கிய வாகனம், நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நான்கைந்து விநாடிகளில் எட்டிவிடும் வல்லமை வாய்ந்த வாகனம், மழையிலும் மலைப்பாதையிலும் ஒருபோதும் தடுமாறாத வாகனம், ஒரு குளிர்காலக் காலையில் வீட்டு வாசலைவிட்டு வெளியே வரும்பொருட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நடைவேகத்தில் திருப்பும்போது மட்டும், முன்சக்கரங்களின் அடியிலிருந்து ‘டக், டக், டக்’ என்ற சப்தத்தோடு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி நகருமாயின், அதன் சொந்தக்காரர் மனத்தில் எழும் முதல் எண்ணம் அடியில் ஏதோ முறிந்துவிட்டது என்பதாகத்தான் இருக்கும். அவர் பணிமனைக்குப் போகிறார், வண்டியை உயரே தூக்கி, பால் ஜாயின்ட்டுகளையும் பேரிங்குகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்த மெக்கானிக், தேய்மானம் எதையும் காணாமல், ‘எல்லாம் சரியாகவே இருக்கிறது, இது இந்த வண்டியின் சுபாவம்’ என்று கைவிரிக்கிறார். இந்த விசித்திரமான பதில் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

2015-ஆம் ஆண்டில் மெர்ஸிடிஸ் பென்ஸ் நிறுவனம் ஜி.எல்.சி. என்ற நடுத்தர எஸ்.யு.வி. வாகனத்தை வெளியிட்டது, அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அதன் அதிவேக அவதாரங்களாகிய ஏ.எம்.ஜி. 43, 63 ஆகியவையும் வந்து சேர்ந்தன. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வாகனத்தை வாங்கியவர்களில் பலர் மேலே சொன்ன துள்ளலைப் பற்றி முறையிடத் தொடங்கினார்கள். நிறுவனம் இதை மறுக்கவில்லை. குளிர்ந்த சீதோஷ்ணத்தில், முழு ஒடிப்பில், மெதுவாகத் திருப்பும்போது இப்படி நேர்வது உண்டென்றும், இது சௌகரியத்தைப் பற்றிய விஷயமேயன்றிப் பாதுகாப்பைப் பற்றியதல்லவென்றும் சமாதானம் கூறிற்று. வேறு ஜெர்மானிய நிறுவனங்களின் அதிவேக வாகனங்களிலும் இதே துள்ளல் காணப்படுவதால், குற்றவாளிக் கூண்டில் ஒருவரை மட்டும் நிறுத்துவது நியாயமாகாது. ஆயினும் இந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் சிறிது ரேகாகணிதம் பார்த்தாக வேண்டும்.

நான்கு சக்கர வாகனம் ஒன்று வளையும்போது நான்கு சக்கரங்களும் ஒரே வட்டத்தில் செல்வதாக நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவை ஒரே மையத்தைச் சுற்றி நான்கு தனித்தனி வட்டங்களில் செல்கின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.87 மீட்டர், இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைவெளி 1.65 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, வெளிப்புற முன்சக்கரம் 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது என்று கொண்டால், உட்புற முன்சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 4.6 மீட்டர், வெளிப்புறப் பின்சக்கரத்துக்கு 5.3 மீட்டர், உட்புறப் பின்சக்கரத்துக்கோ வெறும் 3.6 மீட்டர். முழு வட்டம் ஒன்றை முடிக்கும்போது முதலாவது சக்கரம் 37 மீட்டருக்கு மேல் உருண்டிருக்க, கடைசிச் சக்கரம் 23 மீட்டரைக்கூட எட்டியிராது. இவ்வளவு வேற்றுமையுள்ள பாதைகளில் எந்தச் சக்கரமும் தரையைத் தேய்க்காமல் உருளவேண்டுமானால், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் திரும்பலாகாது. மேற்சொன்ன கணக்கில் வெளிச்சக்கரம் சுமார் 29 பாகையும் உட்சக்கரம் சுமார் 38 பாகையும் திரும்பியாக வேண்டும். கிட்டத்தட்ட 10 பாகை வித்தியாசம்!

இந்த வித்தியாசத்தை யந்திரத்தில் அமைக்கும் பிரயத்தனம் மோட்டார் வண்டிக்கு முந்தியது. குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே ஆணியின் மேல் சுழலும்; சக்கரம் தேயாது என்பது அதன் குணம், கூர்மையாகத் திரும்பும்போது சக்கரம் வண்டியின் அடியில் புகுந்துகொள்ள, தாங்கும் பரப்புக் குறுகி வண்டி சாய்ந்துவிடும் என்பது அதன் தோஷம். மூனிச் நகரத்து வண்டித் தச்சரான கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் என்பவர் 1816-ஆம் ஆண்டு வாக்கில், அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு நுனிகளிலும் சக்கரங்கள் தனித்தனியே திரும்பும்படி அமைத்தார். அதற்கு லண்டனில் 1818-இல் காப்புரிமை பெற்றவர் அவருடைய பிரதிநிதியாகிய ருடால்ப் அக்கர்மன். இவர் சாக்சனி தேசத்தில் பிறந்து, வண்டிகளின் வடிவங்களை வரைவதில் தேர்ச்சிபெற்று, லண்டனில் சித்திரங்களும் புஸ்தகங்களும் வெளியிடும் கடை நடத்தியவர். கடற்படைத் தலைவர் நெல்சனின் இறுதி ஊர்வல ரதத்தை வடிவமைத்தவரும் இவரே. கண்டுபிடித்தவர் ஒருவராக இருக்க, பதிவு செய்தவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் இதை அக்கர்மன் அமைப்பு என்றே படிக்கிறார்கள். உட்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பும்படி இணைப்புக் கைகளைச் சாய்த்து வைக்கும் நுட்பத்தைச் சீராக்கியவர் பாரிஸ் நகரத்து வண்டி நிர்மாணிகரான ஷார்ல் ழாந்தோ, அது 1878-இல்.

இவையெல்லாம் நடந்த பிறகும், கார்ல் பென்ஸ் தம்முடைய முதல் மோட்டார் வண்டியை 1885-இல் கட்டியபோது, நான்கு சக்கரங்களில் முன்னிரண்டைத் திருப்பும் உபாயம் எதுவும் தமக்குத் திருப்தியாக அமையாமையால், முன்னே ஒற்றைச் சக்கரம் வைத்து மூன்று சக்கர வண்டியாகவே அதை முடித்தார். ஒற்றைச் சக்கரத்துக்கு உள் ஏது, வெளி ஏது? தகராறே இல்லை. எட்டாண்டுகள் கழித்து, 1893-இல், திருப்தியான அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அவருடைய நான்கு சக்கர வண்டி விற்பனைக்கு வந்தது. முன்சக்கரத்தைத் தேயாமல் திருப்புவது எப்படி என்ற கேள்வியை எட்டாண்டுகள் சுமந்த மனிதரின் பெயர் தாங்கிய வண்டியைப் பற்றியே, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிறகு இந்த முறையீடு எழுந்தது என்பதுதான் நான் மேலே குறிப்பிட்ட காரணம்.

அப்படியானால் இன்றைய பொறியாளர்களுக்கு அந்தக் கணக்கு மறந்துபோயிற்றா? இல்லை, தெரிந்தே விலகுகிறார்கள். அக்கர்மன் கணக்கு, சக்கரம் எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையிலேயே செல்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. நடைவேகத்தில் அது சரி. வேகமாக ஒரு வளைவில் பாயும்போதோ, டயர் எதை நோக்குகிறதோ அதிலிருந்து சில பாகை விலகித்தான் செல்லும். அந்த விலகலினால்தான் பக்கவாட்டுப் பிடிமானமே உண்டாகிறது. வண்டியின் பாரம் வெளிச்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பாரம் மிகுந்த டயர் தன் முழுப் பிடிமானத்தைத் தருவதற்கு அதிக விலகல் கோணத்தை வேண்டுகிறது. பாரம் குறைந்த உட்சக்கரத்துக்குக் குறைந்த கோணமே போதும். ஆகையால் அதிவேகத்தில், உட்சக்கரத்தை அதிகம் திருப்புவது லாபமில்லை என்பதோடு நஷ்டமாகவும் முடியலாம். பந்தயக் கார்களில் இரு சக்கரங்களையும் ஏறத்தாழச் சமமாகவோ, சில சமயம் நேர் எதிரிடையாக வெளிச்சக்கரத்தை அதிகமாகவோ திருப்பும்படி அமைப்பது இதனாலேதான். ஏறக்குறைய 2 டன் எடையுள்ள உயரமான குடும்ப வாகனம் ஒன்று பந்தயக் காரைப்போல் வளைவில் பாயவேண்டும் என்று வாங்குபவர் ஆசைப்பட்டால், கட்டுபவரும் அந்தத் திசையில் சில பாகைகளை விட்டுக்கொடுக்கிறார். அதன் கடனை வாசலில் திரும்பும்போது டயர் செலுத்துகிறது.

அந்தக் கடன் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதைச் சற்றே குனிந்து பார்ப்போம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபின், தான் போகவேண்டிய வட்டத்துக்கும் தான் நோக்கும் திசைக்கும் பொருத்தமில்லாத முன்சக்கரம் உருளத் தொடங்குகிறது. தரையைத் தொடும் ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே உள்ள இரும்புச் சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறது. டயரின் பக்கச்சுவர் வில்லைப்போல் வளைந்து முறுக்கேறுகிறது. முறுக்கு, பிடிமானத்தை மிஞ்சும் கணத்தில் ரப்பர் பிடியை விட்டுத் தாவி, மறுகணமே மீண்டும் பிடித்துக்கொள்கிறது. ஒரு விநாடிக்குள் பன்முறை நிகழும் இந்தப் பிடிப்பும் வழுக்கலுமே நாம் கேட்கும் ‘டக், டக்’. குங்கிலியம் தடவிய வில், பிடில் தந்தியைப் பிடித்து இழுத்து விடுவதும் இதே விதிப்படிதான். அங்கே நாதம் பிறக்கிறது, இங்கே பல் கூசுகிறது.

இதைப் பெருக்குவதற்கு வேறு சில காரணங்களும் கூடிக்கொள்கின்றன. அதிவேக வாகனத்தின் டயர் அகலமானது, பக்கச்சுவர் குட்டையானது, விறைப்பானது. மெல்லிய உயரமான பக்கச்சுவராயின் முறுக்கை மௌனமாக விழுங்கிவிடும், இது ஒரேயடியாக உதறுகிறது. நேர்ப்பாதையில் நிதானம் தரும்பொருட்டுத் திருப்பும் அச்சைப் பின்னோக்கிச் சாய்த்து வைத்திருப்பதால், முழு ஒடிப்பில் சக்கரங்கள் நிமிர்ந்து நில்லாமல் ஒருபுறம் சரிகின்றன. அகலமான டயரின் முழு முகமும் தரையில் படியாமல் ஓர் ஓரமே பாரத்தைத் தாங்குகிறது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தியைப் பகிரும் ஏற்பாட்டில், வழுக்கலைத் தடுப்பதற்காக வைத்த கிளட்ச் தகடுகள், நான்கு வெவ்வேறு வட்டங்களில் செல்லவேண்டிய சக்கரங்களைச் சற்றே ஒன்றோடொன்று கட்டிப் பிடிக்கின்றன. அந்த இழுபறியும் டயரின் தலையில்தான் விடிகிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது குளிர். கோடைகால டயரின் ரப்பர் கலவை, சீதோஷ்ணம் சுமார் 7 பாகை செல்ஸியஸுக்குக் கீழே இறங்கும்போது தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகத் தொடங்குகிறது என்பது டயர்த் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. இறுகிய ரப்பர் சிறுகச் சிறுக நழுவாமல் திடுமெனத் தாவுகிறது. ஜெர்மனியில் பனியும் உறைபனியும் உள்ள சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவது சட்டவிரோதம். 2010-ஆம் ஆண்டில் அந்த விதி மேலும் தெளிவாக்கப்பட்டது. ஆகவே அங்கே பெரும்பாலோர் ஐப்பசி வாக்கிலேயே டயரை மாற்றிவிடுகிறார்கள். பிரிட்டனிலோ அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருநகரங்களிலும் ஒரே கோடைகால டயரில் ஆண்டு முழுவதும் ஓட்டுவதே வழக்கம். கட்டிய ஊரில் அதிகம் பேசப்படாத துள்ளல், விற்ற ஊர்களில் பெரிய விவகாரமானதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் அபிப்பிராயம். சென்னைவாசிக்கு இந்த அநுபவம் கிட்டுவது அரிது. மார்கழிக் காலையில் உதகமண்டலத்தில் காரை எடுப்பவர் வேண்டுமானால் செவிசாய்த்துப் பார்க்கலாம்.

இது ஆபத்தா என்று கேட்டால், நடைவேகத்தில் நிகழ்வதாலும், டயர் சூடேறியதும் பெரிதும் அடங்கிவிடுவதாலும், ஆபத்தல்ல என்ற கூற்றை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்ள முடியாதது, அதைச் சொல்லிய காலம். வண்டியின் குதிரைசக்தியையும், தோல் இருக்கைகளின் தையலையும் மணிக்கணக்கில் வர்ணிக்கும் விற்பனையாளர், ‘குளிர்காலத்தில் உங்கள் வாசலில் இது இப்படித் துள்ளும், குளிர்கால டயரோ, எல்லாப் பருவத்துக்குமான டயரோ போட்டால் குறையும்’ என்ற இரண்டு வாக்கியங்களைப் பணம் வாங்குமுன் சொல்லியிருந்தால், சுபாவம் என்ற சொல்லுக்கு ஒரு கௌரவம் இருந்திருக்கும். பணம் வாங்கிய பிறகு சொல்லும்போது அதுவே சாக்காகத் தொனிக்கிறது. இன்னும் ஒன்று: நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவை வெட்டும் சந்தர்ப்பம் அந்தச் சொந்தக்காரருக்கு ஆண்டில் எத்தனை முறை வரும்? காரை நிறுத்துமிடத்தில் முழுக்க ஒடிக்கும் சந்தர்ப்பமோ நாள்தோறும் வருகிறது.

டயரை மாற்றுவதைத் தவிர ஓட்டுபவர் செய்யக்கூடியது, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து முட்டவிடாமல் சிறிது விட்டுப்பிடித்து, இடம் போதாவிட்டால் இன்னொரு முறை முன்பின் எடுத்துத் திருப்புவது. கட்டுபவர் செய்யக்கூடியது வேறு. பின்சக்கரங்களும் எதிர்த்திசையில் சில பாகை திரும்புமானால், அதே வட்டத்தைச் சுற்ற முன்சக்கரங்கள் அவ்வளவு ஒடியவேண்டியதில்லை. 2022-இல் வந்த புதிய ஜி.எல்.சி. வாகனத்தில், கூடுதல் விலைக்கு, பின்சக்கரங்கள் 4.5 பாகை வரை திரும்பும் ஏற்பாடு கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் பெரிய எஸ் கிளாஸ் காரில் 10 பாகை. எண்பதுகளில் ஜப்பானியர்கள் வெறும் இரும்புத் தண்டுகளையும் பற்சக்கரங்களையும் கொண்டே இதைச் சாதித்த கதை சுவாரஸ்யமானது. அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

(வளரும்)