மொட்டைமாடியிலிருந்து வியாழனைப் படம் பிடித்தல்

தொலைநோக்கி வாங்கிய குடும்பங்களில் பெரும்பாலும் நிகழ்வது யாதெனில், முதல் வாரம் அதனைச் சுற்றி அனைவரும் கூடி நிற்பர். சந்திரனைக் கண்டு வியப்பர். அடுத்த மாதம் அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். எங்கள் வீட்டிலும் அவ்வாறே ஆக இருந்தது. டில்லியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில், ஜனவரி மாதக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வியாழனைப் பார்த்த என் மகன், "அப்பா, பெட்டியின் மேல் போட்டிருந்த படத்தில் பட்டைகளும் சிவப்புப் புள்ளியும் இருந்தனவே! இது கொதிக்கிற எண்ணெயில் போட்ட பட்டாணி மாதிரியல்லவா துடிக்கிறது?" என்றான். அவன் கூறியது முற்றிலும் உண்மை. அவனுக்கு விடை சொல்லும் பொருட்டு நான் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நம் சங்கத்தைச் சேர்ந்த வேறு சில வீடுகளிலும் இத்தகைய கருவிகள் உறங்கிக் கொண்டிருப்பதை நான் அறிவேன்.

வியாழன் பூமியைப் போலப் பதினொரு மடங்கு விட்டமுடைய பெருங்கிரகம். ஆயினும், அது நமக்கு நெருங்கி வரும் காலத்திலும், சுமார் 100 மீட்டர் தூரத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே நம் கண்ணுக்குத் தோன்றும். அந்த நாணயத்தில் அடித்த எழுத்துக்களைப் படிப்பது போன்றதே அதன் மேகப் பட்டைகளைக் காண்பது. இடையே இருப்பதோ ஓயாமல் அசையும் காற்று. கோடை வெயிலில் தார்ச்சாலைக்கு அப்பால் தெரியும் மரங்கள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நெளிவு இரவு வானத்திலும் உண்டு. வட இந்தியாவின் வானில், குளிர்காலத்தில், மிக உயரத்தே வேகமான மேல்காற்று ஒன்று பாய்கிறது. எங்கள் பட்டாணி துடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பகலெல்லாம் வெயிலை உண்ட சிமெண்டுத் தளம் முன்னிரவில் அந்த வெப்பத்தைக் கக்குவது மற்றொரு காரணம். குறை கருவியினுடையது மட்டும் அன்று.

இந்தக் காற்றை வெல்ல ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி மிக எளிது. ஒரே ஒரு போட்டோ எடுத்தால் அது கலங்கிய கணத்தில் அமைந்துவிடும். ஆகவே அவர்கள் வீடியோ எடுக்கிறார்கள். வினாடிக்கு 30 படம் வீதம் இரண்டு நிமிடம் எடுத்தால் 3,600 படங்கள் ஆகின்றன. ஆற்று நீர் சற்றே அசைவற்று நிற்கும்போது அடியிலுள்ள கூழாங்கல் தெளிந்து தெரிவதுபோல, இவற்றுள் சில படங்களில் காற்று தற்செயலாக அடங்கி நின்றிருக்கும். கணிப்பொறி அவற்றைப் பொறுக்கி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. நாலில் ஒரு பங்காகிய 900 படங்களை இவ்வாறு சேர்த்தால், படத்திலுள்ள மணல் போன்ற புள்ளிக் கலக்கம் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீட்டுவதில் பயனில்லை. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடுகிறது ஆதலின், படம் எடுக்கும்போதே அதன் முகம் நகர்ந்துவிடும். இவ்வேலைக்கான ரெஜிஸ்டாக்ஸ், ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இறுதியில் படத்தைக் கூர்மைப்படுத்துகையில் மட்டும் கை அடங்க வேண்டும். அளவு மீறினால் இல்லாத வளையங்களும் கோடுகளும் முளைக்கும். அத்தகைய படங்களைப் பலர் பெருமையுடன் காட்டுவதையும் கண்டிருக்கிறேன்.

இனி, இப்பொழுதுபோக்கு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஓர் இரவின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கான்பரா நகருக்கு வடக்கே மரம்பேட்மன் என்னும் சிற்றூர். அங்கே ஆந்தனி வெஸ்லி என்பவர், கணிப்பொறி நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர், தம் வீட்டுப் புறக்கடையில் பதினாலரை அங்குலக் கண்ணாடியுடைய தொலைநோக்கி ஒன்றை வைத்திருந்தார். 2009ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி இரவு அவர் வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நள்ளிரவை ஒட்டிக் காற்று கெட்டுவிட்டது. கருவியை மூடிவிட்டு உறங்கப் போகலாம் என்று எண்ணியவர், அரை மணி நேரம் இளைப்பாறலாமென வீட்டினுள் சென்று, பிரிட்டனில் அப்போது நடந்துகொண்டிருந்த கிரிக்கெட், கால்ப் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தார். திரும்பி வந்து பார்க்கையில், வியாழனின் தென் துருவத்துக்கு அருகே ஒரு கரும்புள்ளி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. முதலில் அதனைச் சாதாரணப் புயல் என்றே எண்ணினார். ஆனால் அது வெறுமனே மங்கலாக இல்லை. எல்லா நிறங்களிலும் கறுப்பாகவே இருந்தது. துணைக்கோளின் நிழலோ எனில், அந்நேரத்தில் அங்கே நிழல் விழ வழியில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, இரண்டு நாட்களுக்கு முன்புதான் அதே பகுதியை அவர் படம் எடுத்திருந்தார். அதில் புள்ளி இல்லை.

அவர் உடனே வானியலாருக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் ஹவாய்த் தீவிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதனை உறுதி செய்தது. ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதி, பசிபிக் மாகடலளவு வடுவை உண்டாக்கியிருந்தது. அப்பொழுதுதான் புதிய காமிரா பொருத்தப்பட்டுச் சோதனையில் இருந்த ஹபிள் விண்தொலைநோக்கி, அச்சோதனையை நிறுத்திவிட்டு, ஜூலை 23ஆம் தேதி அவ்வடுவைப் படம் எடுத்தது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்னும் வால்மீனின் துண்டுகள் வியாழனில் விழுந்தபோது உலகமே முன்னறிந்து காத்திருந்தது. இந்த மோதலை எதிர்பார்த்தவர் எவருமிலர்.

பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் ஏன் இதனைக் காணவில்லை என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். அங்கே ஒவ்வோர் இரவும் பலருக்குப் பங்கிட்டு அளிக்கப்படுகிறது. ஒரே கிரகத்தை இரவுதோறும் காவல் காக்க அவற்றுக்கு நேரமில்லை. வீட்டுக்காரருக்கு அந்த நேரம் உண்டு.

வெஸ்லியே 2010 ஜூன் 3ஆம் தேதி வியாழனில் இரண்டு வினாடிகளே நீடித்த ஓர் ஒளிப்பொட்டையும் கண்டார். அதனை மெய்ப்பித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு நகரத்து மரச்சாமான் வியாபாரி கிறிஸ்டோபர் கோ. அதே நேரத்தில் அவர் எடுத்த வீடியோவிலும் அப்பொட்டு இருந்தது. வியாழனின் வெண்சுழி ஒன்று சிவந்துவிட்டதை 2006இல் முதலில் கண்டறிந்தவரும் இவரே. 2016 மார்ச் 17ஆம் தேதி ஆஸ்திரியாவில் கெரிட் கெர்ன்பாவர் என்பவர் 20 சென்டிமீட்டர் கருவியால் எடுத்த வீடியோ சரியாக அமையவில்லை. அதனை ஆராய்வதா வேண்டாமா என்று பத்து நாள் தயங்கிப் பின் பார்த்தார்; ஒரு மோதலின் ஒளி அதில் பதிந்திருந்தது. டப்ளின் நகருக்கு அருகே மற்றோர் அன்பரின் வீடியோவிலும் அது கிடைத்தது. கெட்டுப்போன இரவு என்று அழித்திருந்தால்?

நம்மவர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. செபு நகரம் ஏறக்குறைய மதுரையும் திருச்சியும் இருக்கும் அட்சரேகையிலேயே இருக்கிறது. டில்லியில் சில ஆண்டுகள் தாழ்வாகச் செல்லும் வியாழனும் சனியும் தமிழ்நாட்டில் எப்போதும் நல்ல உயரத்தில் செல்கின்றன. உயரச் செல்லும் கிரகத்தின் ஒளி குறைந்த காற்றையே கடந்து வருகிறது. அன்றியும், கீழ்த்திசை நாடுகளில் பொழுது விடிந்து, ஐரோப்பாவில் இன்னும் இருட்டாத வேளையில் இந்தியாவில் இரவாக இருக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்து வியாழனுக்கு நாமே காவலர்.

தொடங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். கருவியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்து ஆறவிடுங்கள். பின்னிரவில் தளம் குளிர்ந்திருக்கும். கண்ணாடிகள் நேர்ப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பாதிக் குற்றம் அங்கேதான். செல்பேசியைக் கண்வில்லையில் பொருத்தும் பிடி ஒன்றே முதலில் போதும். பகலில் குழந்தைகள் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பாதபடி மூடி வையுங்கள், கண் போய்விடும்.

என் மகன் செல்பேசியால் எடுத்த இரண்டு நிமிட வீடியோவிலிருந்து, மூன்றாம் முயற்சியில், இரண்டு பழுப்புப் பட்டைகள் வந்தன. சிவப்புப் புள்ளி வரவில்லை. அந்நேரம் அது மறுபக்கம் இருந்தது என்று அவனே கணக்கிட்டுச் சொன்னான். கலங்கிப்போன வீடியோக்களை இப்போது அவன் தேதியிட்டுச் சேர்த்து வைக்கிறான். மே மாத விடுமுறைக்கு மதுரைப் பாட்டி வீட்டுக்குப் போகையில் தொலைநோக்கியும் ரயிலில் வருகிறது. அதற்கு இடம் தேட வேண்டியவர் அதன் தாயாரல்ல, நான்தான் என்று வீட்டில் தீர்ப்பாகியிருக்கிறது.