ஊதாவும் பொன்னும்: முதலில் விளக்கை மாற்றுங்கள்!

கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் பட்டை விரித்ததும் கண் போவது ஜரிகைக்குத்தான். உடல் முழுக்க ஊதா. பொன் இருப்பதோ கரையிலும் முந்தானையிலும். வீட்டை அலங்கரிக்கவும் இந்தக் கணக்கே சரி. இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் கூடம் கல்யாண மேடைபோல ஆகிவிடும்.

ஒருகாலத்தில் ஊதா, அரசர்களுக்கே கட்டுப்படியான நிறம். மத்தியதரைக் கடல் நத்தைகளிலிருந்துதான் அந்தச் சாயத்தை எடுத்தார்கள். 1909-ல் ஃப்ரீட்லெண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளைச் சேர்த்தும் அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம்தான். அதற்கு முன்பே, 1856-ல், லண்டனில் குவினைன் தயாரிக்க முயன்ற 18 வயது வில்லியம் பெர்கினின் குடுவையில் செயற்கை ஊதாச் சாயம் உருவாகியிருந்தது. சாமானியர் வீட்டுக்கும் இந்த நிறம் வர வழி பிறந்தது அப்போதுதான்.

ஆழ்ந்த ஊதா வெளிச்சத்தை விழுங்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. அதன் கீழே ஊதா நீலம் பாய்ந்து தெரியும், பித்தளை வெளிறிப்போகும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் பொன் ஜொலிக்கும். ஆனால் ஊதா அரக்கு நிறத்துக்குச் சாயும். 3000 முதல் 4000 வரையிலான விளக்குதான் இரண்டுக்கும் பொருந்தும் என்பேன். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருக்கிறதா என்றும் விளக்கின் பெட்டியில் பாருங்கள். விளக்கை மாற்றிய பிறகே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கடையில் தரும் வண்ண அட்டையை நம்பாமல், இரண்டடி அட்டையில் சாம்பிள் பெயிண்டை அடித்து, காலையிலும் மதியத்திலும் இரவிலும் சுவரில் சாய்த்துப் பாருங்கள்.

ஒரு சுவர் போதும். பளபளப்பு பெயிண்ட் வேண்டாம். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளத்தையெல்லாம் அடர்நிறத்தில் அது காட்டிக்கொடுக்கும். மேட் பெயிண்டில் கைபட்ட தடம் விழும் என்பதால், நடைபாதைச் சுவரை விட்டுவிட்டு சோபாவுக்குப் பின்சுவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

பொன்னுக்காகத் தங்கநிறப் பெயிண்டைத் தேடாதீர்கள். அகலச் சுவரில் அது மங்கிய மஞ்சளாகத்தான் நிற்கும். பாட்டி வீட்டுக் குத்துவிளக்கு, பித்தளை உருளி, தஞ்சாவூர் ஓவியம் என்று அசல் பொருட்களே அழகு. தங்கத்தாள் ஒட்டிய அந்த ஓவியத்துக்கு நேரெதிரே விளக்கு வைத்தால் கண்ணாடி பளிச்சிட்டுக் கண்தான் கூசும். மேலிருந்து சாய்வாக ஒளி விழட்டும். மணிமாலையும் கிரீடமும் புடைத்துத் தெரியும்.

நைந்துபோன பட்டுச்சேலையின் கரையை மெத்தைத் தலையணைகளுக்குத் தைக்கலாம். வெட்டுவதற்கு முன் ஜரிகையைச் சோதித்துக்கொள்ளுங்கள். அசல் ஜரிகை என்றால் அதில் வெள்ளி இருக்கும், விலையும் கிடைக்கும். பட்டுத் திரைக்குப் பின்னால் பருத்தித்துணி உள்திரை அவசியம். மேற்கு வெயிலில் ஊதா சீக்கிரமே வெளுத்துவிடும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டினர், லாக்கர் பூசிய கைப்பிடிகளுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள்; மேற்பூச்சு போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.