இலவசப் படிவத்துக்கு ஏன் இந்தத் தண்டம்?

திருத்தணி மலைக்கு 365 படிகள். கோலாலம்பூரை அடுத்த பத்துமலைக்கு 272 படிகள். ஏறுவதும் ஏறாதிருப்பதும் அவரவர் விருப்பம். அதைப்பற்றிப் பேச நாம் வரவில்லை. ஆனால் திருத்தணியிலிருந்து பத்துமலைக்குப் புறப்படுகிறவர் ஏறியாக வேண்டிய இன்னொரு படி இப்போது முளைத்திருக்கிறது. கைபேசித் திரையிலே இருக்கிறது அந்தப் படி. அதிலேதான் நம் மக்கள் பலர் கால் இடறி நிற்கிறார்கள். இடறிய இடத்திலே மடியிலிருக்கும் காசையும் பறிகொடுக்கிறார்கள்.

மின்னணு வருகைப் படிவம் என்பது அதன் பெயர். வெளிநாட்டில் இறங்குமுன் பெயர், பாஸ்போர்ட் எண், தங்குமிடம், பயண நாள் ஆகியவற்றை இணையத்தின் வழியே அந்நாட்டு அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூர் 2020இலேயே காகித அட்டையைக் கைவிட்டு இம்முறைக்கு வந்தது. மலேசியா 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. தாய்லாந்து 2025 மே 1இல் தொடங்கியது. பிறநாட்டார் மட்டுமா? இந்திய அரசும் 2025 அக்டோபர் 1 முதல் இங்கு வரும் வெளிநாட்டவருக்கு இப்படியொரு அட்டையை வைத்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிற மலேசியக் குடிமகனும் அதை நிரப்பித்தான் வர வேண்டும்.

தன் வீட்டுக்கு வருகிறவர் யார் என்று ஒரு நாடு கேட்பதிலே தவறில்லை. அதை எதிர்த்து நாம் கொடி பிடிக்கவில்லை. கேட்கிற கேள்வி எளியவருக்கு விளங்குகிறதா, விளங்காதவருக்கு விளக்கிச் சொல்ல ஆள் உண்டா என்பதே நம் கேள்வி.

ஒரு காலத்திலே சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள் தமிழர்கள். 1973 வரை அந்தக் கப்பல் ஓடிற்று. கையெழுத்துப் போடத் தெரியாதோர் அதில் எத்தனையோ பேர். பின்னர் விமானம் வந்தது. இறங்குவதற்குச் சற்று முன் ஒரு சீட்டைக் கையிலே கொடுப்பார்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பார், அவர் பேனாவும் தந்தார், எழுதியும் தந்தார், கூலி கேட்டாரில்லை. இன்றோ அந்தச் சீட்டு விமானத்தை விட்டு இறங்கி, ஊர்க் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரின் இடத்திலே தரகர் உட்கார்ந்துவிட்டார்.

நாட்டு மக்கள் நன்றாக நினைவில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு: மலேசியாவின் படிவமும் இலவசம், சிங்கப்பூரின் படிவமும் இலவசம், தாய்லாந்தின் படிவமும் இலவசம். ஒரு காசும் அந்த அரசுகள் கேட்பதில்லை! தட்டச்சு செய்து தருகிறவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்டால், கூலி என்று சொல்லிக் கேட்கட்டும், அது நியாயம். அரசுக் கட்டணம் என்று சொல்லிப் பறிப்பது நியாயமா? அரசின் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் போலித் தளங்களும் முளைத்திருக்கின்றன. சிங்கப்பூரின் குடிநுழைவு ஆணையமும் தாய்லாந்து அதிகாரிகளும் இதுபற்றி எச்சரித்திருக்கிறார்கள். எச்சரிக்கை அங்கே ஒலிக்கிறது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் தோழரின் காதுக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்?

காசு போவதோடு முடிந்ததா? இல்லை. படிவத்தின் கடைசியிலே, ‘மேலே சொன்னதெல்லாம் உண்மை’ என்ற உறுதிமொழி இருக்கிறது. தரகர் அவசரத்திலே தங்குமிடத்தை மாற்றித் தட்டலாம். உடல்நலம் பற்றிய கேள்விக்குத் தாமே ஒரு பதிலைப் போட்டுவிடலாம். அயல்நாட்டு அதிகாரியின் முன்னால் நிற்கப் போகிறவர் தரகரா? பாஸ்போர்ட்டுக்குரியவரன்றோ! தம் பெயரால் என்ன சொல்லப்பட்டது என்று அறியாமலே ஒருவர் கடல் கடப்பது, படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

பெயர்க் கட்டம் இன்னொரு தொல்லை. ‘குடும்பப் பெயர்’ எது என்று கேட்கும் படிவங்கள் உண்டு. தமிழருக்கு ஏது குடும்பப் பெயர்? தந்தை பெயரின் முதலெழுத்து, பின்னே தன் பெயர், அவ்வளவுதான். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. தமிழகம் அதைப் பெருமளவுக்குத் துறந்தும் காட்டியது. உதறி எறிந்த அந்த வாலை, ஒரு படிவத்தின் கட்டத்துக்காகத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து எழுதினால் போதும். பெயர்ச் சிக்கல் கற்பனையல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மறுத்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகுதான் விளக்கம் வந்தது.

பயணம் புறப்படும் தோழர்களுக்குச் சொல்கிறோம். இறங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத்தான் இப்படிவங்களை நிரப்ப முடியும். ‘மாதம் முன்பே முடித்துத் தருகிறேன்’ என்பவர் பேச்சை நம்பாதீர். அரசுத் தளத்தின் முகவரியைக் கவனியுங்கள்: மலேசியாவுக்கு ‘ஜிஓவி.எம்ஒய்’, சிங்கப்பூருக்கு ‘ஜிஓவி.எஸ்ஜி’, தாய்லாந்துக்கு ‘ஜிஓ.டிஎச்’ என்று அதிலே இருக்கும். வருகைப் படிவத்துக்காக வங்கி அட்டை எண்ணைக் கேட்டால், அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள். இந்தப் படிவம் விசா ஆகாது. சிங்கப்பூர் செல்லும் இந்தியருக்கு விசா தனியே வேண்டும். பிறர் நிரப்பித் தந்தாலும், அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை!

இதையெல்லாம் திருத்தணியை முன்வைத்து ஏன் பேசுகிறோம்? 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, படாஸ்கர் பரிந்துரைத்தபடி, 1960 ஏப்ரல் 1இல் அது தமிழகத்தோடு இணைந்தது. எதற்காக அந்தப் போராட்டம்? நில வரைபடத்திலே ஒரு கோட்டை நகர்த்தி வைக்க மட்டுமா? பட்டாவும் மனுவும் மக்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், அலுவலகப் படியேறும் எளியவர் ஊமையாக நிற்கக் கூடாது என்பதற்காகவும் அன்றோ! அப்படி மீட்ட மண்ணிலே, ஒரு பக்கப் படிவத்தின் முன்னால் தமிழன் வாயடைத்து நிற்கலாமா?

பரிகாரம் மலையைப் பெயர்ப்பதல்ல. இ-சேவை மையங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அயலகத் தமிழர் நலனுக்கென்று அரசுத் துறையும் வாரியமும் இருக்கின்றன. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடவும் செய்கிறோம். விழா எடுப்பது நன்று. அதனினும் நன்று, ஒவ்வொரு நாட்டின் படிவத்துக்கும் கட்டம் கட்டமாகத் தமிழ் விளக்கம் அச்சிட்டு மையத்தின் சுவரிலே ஒட்டுவது. எல்லையோர ஊர்களில் அதன் அருகே தெலுங்கிலும் ஒன்று ஒட்டட்டும். அங்கே வாழும் தெலுங்குத் தோழரும் இதே கடலைக் கடப்பவரே. நிரப்பித் தருவதை இலவசச் சேவையாக்கட்டும். நிரப்பியதைப் படித்துக் காட்டுவதைக் கடமையாக்கட்டும். பாஸ்போர்ட்டை அனுப்பும்போதே ‘வருகைப் படிவத்துக்குக் கட்டணமில்லை’ என்ற ஒரு துண்டுத் தாளை மத்திய அரசு அவரவர் மொழியில் வைத்து அனுப்பட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏது?

கடல் கடந்து உழைக்கப் போகிறவர் கடன்பட்டுப் போகிறார். உறவைக் காணப் போகிறவர் சிறுகச் சேர்த்துப் போகிறார். வேற்றரசு இலவசமாகக் கொடுப்பதை, சொந்த ஊரிலேயே அவர் விலைக்கு வாங்கும்படி விடுவது நமக்கு அழகா? ஆள்வோர் எண்ணிப் பார்க்கட்டும்!