தேடிப் போனவர்களின் நாள்

ஆண்டுதோறும் அக்டோபர் 21-ஆம் தேதி காவலர் வீரவணக்க நாள். சென்னையில் மெரினாவுக்கு எதிரே டி.ஜி.பி. அலுவலக வளாகத்தில் உள்ள நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். மாவட்டங்களில் ஆயுதப்படை மைதானங்களில் குண்டு முழங்க அஞ்சலி நடக்கிறது. மறுநாள் நாளிதழில் ஒரு படம் வருகிறது. பொதுமக்களில் பெரும்பாலோருக்கு அந்த நாளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேதி எப்படி வந்தது என்று தெரிந்தால், காக்கி உடுப்புக்காரர்கள் தங்களில் ஒருவரை இழக்கும்போது என்ன செய்கிறார்கள், அன்றைக்கும் இன்றைக்கும் அதில் எது மாறியது, எது மாறவில்லை என்பது விளங்கும்.

லடாக், 1959

அன்று சீனாவை ஒட்டிய அந்த எல்லையில் காவலுக்கு நின்றது போலீஸ்தான். லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம், ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1959 அக்டோபர் 20 அன்று, லனக் லா கணவாயை நோக்கி மேற்கொண்டு போவதற்கு வழி பார்த்துவர அங்கிருந்து மூன்று குழுக்கள் கிளம்பின. இரண்டு குழுக்கள் பிற்பகலில் திரும்பிவிட்டன. மூன்றாவது குழுவில் போன இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் வரவே இல்லை.

மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் சுமார் இருபது பேர் அவர்களைத் தேடிப் புறப்பட்டார்கள். கரம் சிங் குதிரையில் முன்னே போக, மற்றவர்கள் நடந்தே பின்தொடர்ந்தார்கள். நண்பகல் வாக்கில் ஒரு குன்றின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள். கையெறி குண்டுகளை வீசினார்கள். ஒதுங்கவும் மறைவிடம் இல்லாத வெட்டவெளி அது. பத்துப் பேர் அங்கேயே இறந்தார்கள். காயம்பட்ட ஏழு பேரைச் சீனர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர்களின் உடல்கள் நவம்பர் 13 அன்றுதான், மூன்று வாரம் கழித்து, ஒப்படைக்கப்பட்டன. அந்தப் பனிமலையிலேயே போலீஸ் மரியாதையுடன் தகனம் நடந்தது. பெற்றவர்களும் கட்டியவர்களும் கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கவில்லை.

1960 ஜனவரியில் கூடிய மாநிலப் போலீஸ் தலைவர்களின் மாநாடு, அக்டோபர் 21-ஐ நாடெங்கும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. அந்த எல்லையின் பொறுப்பு ராணுவத்துக்குப் போனது.

எனக்கு இதில் மறக்க முடியாதது ஒன்று. அந்தப் பத்துப் பேரும் சண்டைக்குப் போனவர்கள் அல்லர். முந்தின நாள் ராத்திரி கூடாரத்துக்குத் திரும்பாத மூன்று பேரைத் தேடிப் போனவர்கள். அந்த மூவரில் ஒருவர் உடுப்பே போடாத சுமைதூக்கி. காவலர்களுக்கு இடையிலான பிணைப்பைப் பற்றிப் பேச ஆயிரம் பெரிய சொற்கள் உண்டு. அதன் அடிப்படை இவ்வளவுதான்: நம்மோடு வந்தவன் திரும்பவில்லை என்றால் தேடிப் போக வேண்டும்.

பெயர் தங்காத காலம்

அன்றைக்கு மரியாதை உண்டு, நினைவுதான் குறுகியது. உயிர் போன இடத்தில் ஒரு தூண், ஆண்டுக்கு ஒரு அணிவகுப்பு, அதோடு சரி.

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் ஒரு சாட்சி. 1980 ஆகஸ்ட் 6 அன்று, பிடிபட்ட நக்சலைட் ஒருவரைக் காரில் அழைத்து வரும்போது வெடிகுண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் அவருடன் இருந்த காவலர்களும் இறந்தார்கள். அதன் பின் போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த தேடுதல் வேட்டைக்கு 'ஆபரேஷன் அஜந்தா' என்று பெயர். அஜந்தா என்பது பழனிச்சாமியின் மகள் பெயர். அரசு ஆவணத்தில் ஒரு நடவடிக்கைக்கு இறந்த சக அதிகாரியின் குழந்தை பெயரை வைத்தார்கள் என்றால், அந்தத் துக்கம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! திருப்பத்தூரில் இன்றும் ஆகஸ்ட் 6 அன்று காவலர்கள் கூடி வணக்கம் செலுத்துகிறார்கள்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, ராஜீவின் மெய்க்காவலர் பி.கே. குப்தா, ஒரு பெண் காவலர் எனப் போலீஸ்காரர்கள் பலர். தலைவருக்கு அங்கே பெரிய நினைவிடம் எழுந்தது. அவரைக் காக்க நின்று செத்தவர்களின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றில் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் காவலர்கள், வனத்துறையினர் உள்பட 22 பேர் சிதறிப்போனார்கள். வீரப்பனைப் பற்றி வந்த புத்தகங்களும் படங்களும் ஏராளம். அந்த 22 பேரும் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகவே அவற்றில் வந்துபோகிறார்கள்.

அன்று இறந்தவரின் பெயரைத் தாங்கி நின்றது போலீஸ் லைன்தான். வரிசையாக ஓட்டு வீடுகள், பொதுக் குழாய், ஒரே மைதானம். ஒரு வீட்டில் சாவு என்றால் அன்று அந்த வரிசையில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர் ஒரு நோட்டில் எல்லார் பெயரையும் எழுதி, சம்பள நாளில் ஐந்தோ பத்தோ வாங்கிச் சேர்த்து, ஏட்டய்யா கையால் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். பென்ஷன் காகிதத்துக்கு விதவையை அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிப்போனதும் பக்கத்து வீட்டுக் காவலர்தான். அரசின் கை வந்து சேரும் வரை அந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை இந்தக் கைகளே.

கல்லில் ஏறிய பெயர்கள்

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. டெல்லி சாணக்யபுரியில் தேசியப் போலீஸ் நினைவகம் 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. 30 அடி உயரம், 238 டன் எடை கொண்ட ஒற்றைக் கருங்கல் அங்கே நடுநாயகமாக நிற்கிறது. அதைவிட முக்கியம் அங்கே உள்ள வீரச் சுவர். சுதந்திரத்துக்குப் பின் பணியில் உயிர்நீத்த 34,844 பேரின் பெயர்கள் திறப்பின்போதே அதில் பொறிக்கப்பட்டிருந்தன. பிறகு அந்தக் கணக்கு 36,000-ஐத் தாண்டிவிட்டது. மாநிலக் காவலர், மத்திய ரிசர்வ் படைக்காரர், எல்லைக் காவலர் என்ற பேதம் அந்தச் சுவரில் இல்லை.

வீரவணக்க நாளன்று அணிவகுப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முந்தைய செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களின் பெயர்கள் பதவியோடு வாசிக்கப்படும். கட்டளை வந்ததும் துப்பாக்கிகள் தலைகீழாகும். குழல் தரையைப் பார்க்க, கட்டையின் மேல் இரு கைகளையும் வைத்துத் தலை கவிழ்ந்து நிற்பார்கள். முன்வரிசையில் வெள்ளை விரிப்புப் போட்ட நாற்காலிகளில் குடும்பங்கள். குண்டு முழங்கும் சத்தத்துக்கு மடியில் இருக்கும் குழந்தை திடுக்கிட்டு அழும். பக்கத்தில் நிற்கும் பெண் காவலர் வரிசையை விட்டு ஓர் அடி நகர்ந்து அந்தக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுப்பார். எந்தக் கட்டளைப் புத்தகத்திலும் எழுதாத செயல் அது.

உடலும் இன்று வீட்டுக்கு வருகிறது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதலில் மத்திய ரிசர்வ் படையினர் 40 பேர் இறந்தபோது, தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியனும் அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரனும் தேசியக் கொடி போர்த்திச் சொந்த ஊருக்கு வந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. ஹாட் ஸ்பிரிங்ஸ் குடும்பங்களுக்கு வாய்க்காத கடைசி விடைகொடுத்தல் இந்தக் குடும்பங்களுக்கு வாய்த்தது.

நிவாரணமும் உயர்ந்திருக்கிறது. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு எஸ்.ஐ. வில்சன், 2021 நவம்பரில் ஆடு திருடர்களை இரவில் விரட்டிப் போய் வெட்டுப்பட்டு இறந்த நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் ஆகிய இருவர் குடும்பத்துக்கும் தமிழ்நாடு அரசு தலா 1 கோடி ரூபாய் அறிவித்தது. மத்தியப் படையினரின் குடும்பங்களுக்குப் பொதுமக்களே நேரடியாகப் பணம் அனுப்ப, 2017-இல் 'பாரத் கே வீர்' தளம் வந்தது. பணியில் இறந்த காவலர்களின் வாரிசுகள் காவல் நிலைய வரவேற்பாளர்களாக நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் பதறிப்போய் வருபவரை நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கும் அந்தப் பெண், ஒரு காவலரின் மகளாக இருக்கலாம்.

பங்காளிகள்

லைன் வீடுகள் குறைந்துவிட்டன. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரிவதில்லை. ஆனால் பிணைப்பு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் ஒரே ஆண்டு சேர்ந்தவர்கள் ஒரு 'பேட்ச்'. ஒருவருக்கொருவர் 'பங்காளி'. வெயிலில் ஒன்றாக ஓடி, ஒருவன் மயங்கி விழுந்தால் இன்னொருவன் தூக்கிப்போன சொந்தம் அது. இன்று ஒரே பேட்ச் காவலர்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் செல்போன் குழுவில் ஒன்றாக இருக்கிறார்கள். ஒருவர் இறந்த செய்தி வந்ததும் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று அனுப்புகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சேரும்போது அது லட்சங்களாகிறது. 'காக்கும் கரங்கள்' போன்ற பெயர்களில், பேட்ச் பேட்ச்சாக இது நடக்கிறது. நாகர்கோவிலில் இறந்தவரின் குழந்தை பெயரில் வைப்பு நிதி போட, அவர் முகத்தைப் பார்த்தே இராத திருவள்ளூர்க் காவலரும் பணம் அனுப்புகிறார்.

இந்தப் பணம் போகும் வீடுகளைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். குண்டடிபட்டு இறந்தவர்கள் இவர்களில் மிகச் சிலரே. பந்தோபஸ்து முடிந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதியவர், இரவு ரோந்தில் மாரடைப்பு வந்தவர், மன அழுத்தம் தாங்காமல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு மைதானத்தில் பெயர் வாசிப்பும் கிடையாது, குண்டு முழக்கமும் கிடையாது. பேட்ச் பங்காளிகள் மட்டும் எப்படிச் செத்தான் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் குடும்பத்தைத் தேடிப் போகிறார்கள். 1959-இல் அந்த இருபது பேர் செய்ததற்கு இன்று மிக நெருக்கமாக இருப்பது இதுதான் என்பேன்.

2020 ஜூன் 17 அன்று மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி கொரோனாவால் இறந்தார். சென்னைக் காவலர்கள் அவரவர் நின்ற இடத்திலேயே மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அதே வாரம் அந்தப் பிணைப்புக்குச் சோதனையும் வந்தது: சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டார்கள், இருவரும் இறந்தார்கள். அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, தன் நிலையத்தாருக்கு எதிராக மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொன்னார். அவர் பிணைப்பை முறித்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடுப்பின் மரியாதைக்காக உயிர்விட்டவர்களுக்கு அவர் உண்மையாக இருந்தார். தவறை மூடி மறைக்கும் ஒற்றுமை, அந்த உயிர்த் தியாகங்களுக்கே இழுக்கு.

இனி செய்ய வேண்டியது

அன்றைக்கு அரசின் நினைவு மெலிந்திருந்தது, அக்கம்பக்கம் வலுவாக இருந்தது. இன்று அரசின் நினைவு கல்லில் ஏறிவிட்டது, அக்கம்பக்கம் செல்போனுக்குள் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய காலம் இது. இரண்டாம் நிலைக் காவலர் தன் சம்பளத்திலிருந்து அனுப்பும் ஐந்நூறு ரூபாய்க்கு ஈடாக அரசும் ஒரு பங்கு போடலாம். 2021-இல் அறிவித்த வார விடுப்பு, பந்தோபஸ்து என்ற பெயரில் ரத்தாகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஓய்வில்லாமல் தேய்ந்து சாகும் சாவுகள் அதனால் குறையும்.

இன்னொன்று செலவே இல்லாதது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அங்கே பணியாற்றிய இன்ஸ்பெக்டர்களின் பெயர்ப் பலகை தொங்குகிறது; வந்த தேதி, போன தேதியோடு. அதன் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கட்டும். அந்த நிலையத்தில் பணியில் இருந்தபோது இறந்த ஒவ்வொருவரின் பெயரும், காவலர் முதல் இன்ஸ்பெக்டர் வரை, எப்படி இறந்திருந்தாலும், அதில் இடம்பெறட்டும். அக்டோபர் 21 அன்று மாவட்ட மைதானத்துக்கு வர முடியாத குடும்பத்தை அந்த நிலையத்துக்கு அழைத்து உட்கார வைக்கட்டும். பயிற்சி முடித்து முதல் நாள் பாரா பார்க்க வரும் இளைஞர், தனக்கு முன்னால் அந்த வாசலில் நின்றவர்கள் யார் யார் என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தனக்கு ஏதாவது ஆனால் தன் வீட்டைத் தேடி வர ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு அவர் வேலை பார்க்கட்டும். அந்த நம்பிக்கையைக் கொடுக்கும் கடமை துறைக்கும் நமக்கும் சேர்த்தே இருக்கிறது.