கரையேறிய மாலுமிகள் – 9: தாமதம் பொறுக்காத கணவர்

அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்து அந்நாட்டின் ஜனாதிபதியானவர் இதுவரை ஜிம்மி கார்ட்டர் ஒருவர்தான். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில், அதே ஊரில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் 77 ஆண்டுகள் ரோசலினின் கணவராக இருந்தார். குடும்பப் பற்றுக்கு உதாரணமாக அவரைச் சொல்வது வழக்கம். சொல்லலாம்தான். ஆனால் அது பிறவியிலேயே வாய்த்த குணமல்ல. நாற்பது வயதை நெருங்கும்வரை பெரிய முடிவுகளில் மனைவியை ஒரு வார்த்தை கேட்காதவர் அவர்.

கார்ட்டரின் தாய் லில்லியன் ஒரு செவிலியர். பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்குப் போனவர், பிறந்த பெண் குழந்தையைக் காட்ட மகனையும் அழைத்துப் போனார். பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தைதான் ரோசலின். பின்னாளில் அகாடமி மாணவராக அவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, ரோசலின் முதலில் மறுத்துவிட்டார். படிப்பை முடிப்பதாகச் சாகும் தறுவாயில் இருந்த தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 1946 ஜூலை 7-இல், கார்ட்டர் பட்டம் பெற்ற மறுமாதம், திருமணம் நடந்தது.

கடற்படைக் குடும்பத்தின் வாழ்க்கை துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறியது. மகன்கள் ஜாக் வர்ஜீனியாவிலும், சிப் ஹவாயிலும், ஜெஃப் கனெக்டிகட்டிலும் பிறந்தார்கள். கணவர் கடலில் இருந்த நாட்களில் வாடகை, கடைக் கணக்கு, குழந்தையின் காய்ச்சல் எல்லாவற்றையும் ரோசலின் தனியாகவே சமாளித்தார். மாமியாரும் தாயும் அருகில் இல்லாத அந்தச் சுதந்திரம் அவருக்குப் பிடித்துப்போனது.

கார்ட்டர் ‘பாம்ஃப்ரெட்’ நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியபோது, ஓர் இரவு மேல்தளத்தில் காவல் நின்றவரைப் பேரலை ஒன்று வாரிக்கொண்டு போனது. சில அடி தள்ளி, கப்பலின் பீரங்கிமேல் வந்து விழுந்ததால் உயிர் பிழைத்தார். அலை கொஞ்சம் விலகி அடித்திருந்தால் கடலோடு போயிருப்பார்.

பிறகு அட்மிரல் ரிக்கோவரின் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் சேர்ந்தார். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து ஏற்பட்டது. உலையைப் பிரித்தெடுக்க அனுப்பப்பட்ட அமெரிக்கக் குழுவுக்கு 28 வயதான லெப்டினன்ட் கார்ட்டர் தலைவர். டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றை அமைத்து, எந்தத் திருகை யார் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். கதிர்வீச்சுக்கு அஞ்சி, உள்ளே ஒருவர் நிற்க அனுமதித்த நேரம் சுமார் 90 வினாடிதான். நொடி தவறக் கூடாது என்ற பிடிவாதம் இந்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1953-இல் தந்தை புற்றுநோயால் படுத்த படுக்கையானார். பார்க்கப் போன மகனுக்கு, வாசலில் ஓயாமல் வந்துபோன ஊர்மக்கள்தான் வியப்பாக இருந்தார்கள். தந்தை யாருக்கும் தெரியாமல் செய்த உதவிகளை ஒவ்வொருவரும் சொன்னார்கள். கடற்படையை விட்டு ஊரோடு வந்துவிடுவது என்று கார்ட்டர் முடிவெடுத்தார், மனைவியிடம் கேட்கவில்லை. ரோசலின் அழுதார், சண்டை போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. ஊர் திரும்பிய நெடும்பயணத்தில் கணவரோடு பேசவேயில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் ஆறு வயது ஜாக்கிடம்தான் சொல்வார்: அப்பாவை நிறுத்தச் சொல்லு.

பிளெய்ன்ஸில் அரசுக் குடியிருப்பில் வீடு. முதல் ஆண்டே மழை பொய்த்தது. வேர்க்கடலைத் தொழிலில் கிடைத்த லாபம் 300 டாலருக்கும் குறைவு. கிடங்கில் தொலைபேசியை எடுக்க வந்த ரோசலின் மெல்லக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எதில் லாபம், எதில் நட்டம் என்று கணவர் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தது. இந்தத் தம்பதியின் உறவு திரும்பியது வெள்ளை மாளிகையிலல்ல, இந்தக் கடலைக் கிடங்கில்தான்.

ஆனாலும் பழைய வழக்கம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1962 அக்டோபர் 1, அவருடைய 38-ஆவது பிறந்தநாள். வேலை உடுப்புக்குப் பதில் நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏதும் சாவுக்குப் போகிறாரா என்று ரோசலின் கேட்டார். மாநில செனட் தேர்தலுக்கு மனு கொடுக்கப் போவது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மனைவியைக் கேட்காமல் இப்படியெல்லாம் செய்தோமே என்று கார்ட்டர் பின்னாளில் பலமுறை வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

ஆளுநர் பதவியும் 1977 முதல் 1981 வரையிலான ஜனாதிபதி பதவியும் தெரிந்த கதை. அந்த ஆண்டுகளில் ரோசலின் அமைச்சரவைக் கூட்டங்களில் அமர்ந்து குறிப்பெடுத்தார். தோற்று ஊர் திரும்பியபின் இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். மணவாழ்க்கையே முறிந்துவிடும் என்ற அளவுக்குச் சண்டை வந்தது. ஒரே நிகழ்ச்சி இருவருக்கும் இரண்டு விதமாக நினைவிருந்தது. கடைசியில் தகராறான பகுதிகளைத் தனித்தனியே எழுதி, அவரவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டு 1987-இல் வெளியிட்டார்கள். படுக்கப் போகுமுன் சமாதானமாகிவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி.

நேரம் தவறாமை மட்டும் நெடுநாள் தீராத வழக்காக இருந்தது. ரோசலின் ஐந்து நிமிடம் பிந்தினாலும் முன்னாள் மாலுமிக்கு முகம் மாறிவிடும். ஒரு பிறந்தநாள் காலையில், மனைவிக்குப் பரிசு வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது. தாமதத்தைப் பற்றி இனி ஒருபோதும் கடிந்து பேசுவதில்லை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தனக்குக் கிடைத்த பிறந்தநாள் பரிசுகளில் அதுவே சிறந்தது என்றார் ரோசலின்.

ரோசலின் 2023 நவம்பர் 19-இல், 96 வயதில் காலமானார். அட்லாண்டாவில் நடந்த நினைவு ஆராதனைக்கு 99 வயதுக் கணவர் சக்கர நாற்காலியில் வந்தார். பேச முடியாத தந்தைக்காக மகள் ஏமி எழுந்து, ரோசலினுக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்தார். அது 75 ஆண்டுகளுக்கு முன், கார்ட்டர் கடற்படையில் இருந்தபோது எழுதிய கடிதம்.

(தொடரும்)